ஏற்காட்டுக்கு இரண்டு சாலைகள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற இரண்டு சாலைகள் உள்ளன. ஒன்று, அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறும், எல்லோரும் அறிந்த மலைப்பாதை. மற்றொன்று, அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் வழியாகச் சேர்வராயன் மலையின் மறுபுறத்தில் ஏறி, கொட்டச்சேடு வழியே ஊரை அடையும் சிறிய சாலை. பெரிய பாதையில் மண் சரிந்தாலோ, கோடை விழாக் கூட்டம் மிகுந்தாலோதான் பலருக்கும் இந்த இரண்டாம் சாலை நினைவுக்கு வரும்.

முப்பதாண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் நான். இந்த இரண்டு சாலைகளையும் வகுப்பறையில் பலமுறை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறேன். கேம்பிரிட்ஜ் பொருளியலறிஞர் ஆர்தர் பிகூ, 1920-இல் வெளியிட்ட நலப் பொருளியல் நூலில் இரண்டு சாலைகளை வைத்து ஒரு கணக்குச் சொன்னார். இரண்டு ஊர்களுக்கு இடையே ஒரு நல்ல, ஆனால் குறுகலான சாலை. இன்னொன்று அகலமான, ஆனால் தரமற்ற சாலை. கட்டுப்பாடு எதுவும் இல்லையென்றால், நல்ல சாலையில் வாகனங்கள் சேர்ந்துகொண்டே போகும். நெரிசலால் அது மோசமான சாலையின் நிலைக்கே தாழும்வரை சேரும். ஒவ்வொருவரும் தம் நேரத்தை மட்டும் கணக்கிடுகிறார். தாம் நுழைவதால் மற்றவர்களுக்கு ஏற்படும் தாமதம் அவர் கணக்கில் வருவதில்லை. சாலைக்கு ஓர் உரிமையாளர் இருந்து கட்டணம் வசூலித்தால் இந்தச் சிக்கலே எழாது என்று 1924-இல் பிராங்க் நைட் மறுத்து எழுதினார். இரண்டும் தேர்வுக்கு உரிய வினாக்கள். மாணவர்கள் எழுதினார்கள், நானும் மதிப்பெண் போட்டேன். அந்தக் கணக்கில் ஒரு பயணி விடுபட்டிருப்பது, பணி ஓய்வுக்குப் பிறகு மிதிவண்டியில் குப்பனூர்ச் சாலையில் மூச்சு வாங்க ஏறியபோதுதான் எனக்குப் புரிந்தது.

இரத்தத்தில் சர்க்கரை ஏறியதால் தொடங்கிய பழக்கம் அது. மருத்துவர் நடக்கச் சொன்னார்; நான் பழைய ஆசை ஒன்றைத் தூசி தட்டினேன். அறுபத்திரண்டு வயதில் கியர் வைத்த மிதிவண்டி வாங்கியதைக் கண்டு அண்டை வீட்டார் சிரித்தது இயல்பே.

மலைச் சாலையைக் காரில் கடப்பவருக்கு ஏற்றம் என்பது ஒரே பொருள். மிதிவண்டிக்காரருக்கு அது எண். நூறு மீட்டர் முன்னே செல்லும்போது ஐந்து மீட்டர் உயர்ந்தால், சாய்வு ஐந்து விழுக்காடு. நான்கு வரை பேசிக்கொண்டே ஏறலாம். ஆறில் பேச்சு நிற்கும். எட்டுக்கு மேல் யோசனையும் நின்றுவிடும். நீலகிரி மலை இரயில் கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே பற்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் உச்ச சாய்வு 8.33 விழுக்காடுதான் என்பதை நினைத்துப் பார்த்தால், நம் கால்கள் செய்யும் வேலையின் மதிப்பு விளங்கும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது. ஏற்காட்டு ஊர் அதற்கு ஏறத்தாழ 1,100 மீட்டர் மேலே. என்னையும் வண்டியையும் சேர்த்த 78 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க, உடல் செலவிடுவது சுமார் 850 முதல் 900 கலோரி, அதாவது பதினைந்துக்கும் மேற்பட்ட இட்லிகள். ஐந்து விழுக்காட்டுச் சாய்வில் மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் ஏற எனக்குத் தேவைப்படும் திறன் நூறு வாட்டுக்குச் சற்றுக் குறைவு. வீட்டில் சுழலும் பழைய மின்விசிறி 75 வாட் எடுத்துக்கொள்ளும். ஒன்றேகால் மின்விசிறியின் திறனில் ஒரு மனிதன் மலையேறிவிடலாம் என்பதை எத்தனை முறை கணக்கிட்டாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இதில் சாலை அமைத்த பொறியாளர்களின் பங்கும் உண்டு. இந்தியச் சாலைகள் பேராயத்தின் விதிமுறைகள், மலைப்பகுதிச் சாலைகளின் இயல்பான சாய்வை ஐந்து அல்லது ஆறு விழுக்காட்டுக்குள் வைக்கச் சொல்கின்றன. தவிர்க்க முடியாத இடங்களில் மட்டுமே ஏழும் எட்டும். கொண்டை ஊசி வளைவில் சாய்வு இரண்டரை விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது மற்றொரு விதி. கனரக வாகனங்கள் திரும்புவதற்காக எழுதப்பட்ட விதி இது. ஆனால் அதன் பலனை முழுமையாக அனுபவிப்பவர் மிதிவண்டிக்காரரே. தொலைவிலிருந்து பார்த்தால் அச்சமூட்டும் அந்த வளைவுதான் அவருடைய இளைப்பாறும் இடம். அதிலும் ஒரு நுணுக்கம். வளைவின் உள்விளிம்பு செங்குத்து, வெளிவிளிம்பு சமம். நாம் இடப்புறம் செல்பவர்கள் என்பதால், மேலேறும்போது வலப்பக்கம் திரும்பும் வளைவுகள் நமக்கு வெளிவிளிம்பைத் தரும், இடப்பக்கம் திரும்புபவை உள்விளிம்பில் தள்ளும். இருபது வளைவுகளில் பத்து உதவும், பத்து பழிவாங்கும்.

அடுத்தது கியர். சாதாரண மிதிவண்டியில் மிதிகட்டையை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நகரும். மலையில் மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் ஏற வேண்டுமானால் நிமிடத்துக்கு இருபது சுற்றுகூட வராது. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பாரத்தை எந்த முழங்காலும் தாங்காது. முன் பற்சக்கரமும் பின் பற்சக்கரமும் ஒரே அளவாக இருந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர்தான் நகரும். நிமிடத்துக்கு ஏறத்தாழ ஐம்பது சுற்றில் நிதானமாக ஏறலாம். வேறுபாடு இவ்வளவுதான். பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டிக்குக் கியர் கிடையாது. சமவெளியில் அது வாழ்க்கையை மாற்றிய திட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. மலைக் கிராமத்தில் காலையில் ஒரு மாணவி அதை ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு செல்வதையும், மாலையில் அதே மாணவி காற்றில் ரிப்பன் பறக்க இறங்கி வருவதையும் பார்த்திருக்கிறேன். நான் கியரை மாற்றிக்கொண்டு அவளைக் கடந்து செல்லும் காலைகளில் எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கும்.

மலையில் மிதிவண்டிக்கு ஏற்ற வழி எது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். உயரம் முக்கியமல்ல, அழகுகூட இரண்டாம் பட்சம். சாய்வு சீராக இருக்க வேண்டும், ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஓர் ஊர் வர வேண்டும், நிழல் வேண்டும், போன வழியே திரும்பாமல் வட்டமடித்து வர முடிந்தால் சிறப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக, கார்கள் குறைவாக இருக்க வேண்டும். இந்த அளவுகோலில் தமிழ்நாட்டின் புகழ்பெற்ற மலைப்பாதைகள் பல தேறுவதில்லை. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு நாற்பது வளைவுகள். பாதை அற்புதமானது, ஆனால் யானைகளின் நாடு அது. திம்பத்தின் 27 வளைவுகளில் லாரிகளின் ஆட்சி. கிழக்குத் தொடர்ச்சி மலையின் உதிரிக் குன்றுகள்தான் நமக்குரியவை. கொல்லி, பச்சை, கல்வராயன், சித்தேரி, சவ்வாது, ஏலகிரி என இவற்றை வரிசையாகச் சொன்னாலே ஒரு மாதப் பயணத்திட்டம் கிடைத்துவிடும். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு எழுபது வளைவுகள். இளைப்பாறும் இடங்கள் எழுபது என்று நான் அதை வாசிப்பேன். தொடங்குபவருக்கு ஏலகிரி நல்லது. அதன் பதினான்கு வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். பிரான்சில் ஆல்ப் டுயெஸ் என்னும் மலையின் 21 வளைவுகளில், அங்கே முடிந்த டூர் டி பிரான்ஸ் பந்தயக் கட்டங்களில் வென்றவர்களின் பெயர்கள் இருக்கின்றன. மூச்சு முட்டும் நேரத்தில் வீரனைவிட வள்ளலின் பெயர் ஆறுதலாக இருக்கிறது என்பது என் கட்சி.

இனி என் துறைக்கு வருகிறேன். அடிவாரத்தில் புறப்படும் கார் பெரும்பாலும் ஏரிக்கரையில்தான் நிற்கிறது. இடையிலுள்ள ஊர்களுக்கு அது தருவது புகையும் ஒலிப்பான் சத்தமும். மிதிவண்டிக்காரர் நின்று நின்றுதான் செல்ல முடியும். நின்றால் எதையாவது வாங்காமல் இருக்க முடியாது. என் குறிப்பேட்டின்படி, குப்பனூர் வழியில் ஒரு முறை ஏறினால் மூன்று இடங்களில் நிற்கிறேன். இரண்டு தேநீர், வடை, வாழைப்பழம், சில நாட்களில் கால்படி மிளகோ ஒரு சீப்பு மலைவாழையோ என்று நூறு ரூபாய் அளவில் செலவாகிறது. காரில் வரும் குடும்பம் ஊர் உச்சியில் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால் இது தூசு. ஆனால் இந்த நூறு ரூபாய், வேறு எந்த வெளியூர்ப் பணமும் விழாத இடத்தில் விழுகிறது. வேகம் குறையக் குறையச் செலவு பரவலாகிறது என்பதைப் பாடநூலில் நான் படித்ததில்லை. தேநீர்க் கடைப் பலகையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

அந்தக் கடையை நடத்தும் அம்மா, ஒரு ஞாயிறு நான் வரவில்லையென்றால் அடுத்த வாரம் விசாரணை நடத்துவார். “என்ன சார், போன வாரம் ஆளையே காணோம், உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்” என்பார். கடையின் கொதிகலனுக்குப் பின்னால் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்கள். சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820-களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. அந்தக் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே விற்பது தேநீர் என்பது இன்றைய நிலவரம்.

பிகூவும் மலைப் பித்தர்தான். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், பட்டர்மியர் என்னும் ஊரில் வீடு கட்டிக்கொண்டு விடுமுறைதோறும் மலையேறியவர். அவர் நடந்த அந்த மலை நாட்டின் ஊடாகத்தான், 1994-இல் திறக்கப்பட்ட கடலிலிருந்து கடலுக்கு என்னும் மிதிவண்டி வழி செல்கிறது. மேற்குக் கரையில் தொடங்கி, பென்னைன் மலைத்தொடரைத் தாண்டிக் கிழக்குக் கரையில் முடியும் ஏறத்தாழ 225 கிலோமீட்டர். தொடக்கத்தில் ஐரிஷ் கடலில் பின்சக்கரத்தை நனைப்பார்கள், முடிவில் வட கடலில் முன்சக்கரத்தை. வழியின் உச்சி 609 மீட்டர்தான். நம் ஏலகிரியைவிடத் தாழ்வு. இதற்காகப் புதிய மலைச்சாலை எதையும் அவர்கள் வெட்டவில்லை. ஏற்கெனவே இருந்த ஊர்ச் சாலைகளையும், கைவிடப்பட்ட இரயில் தடங்களையும் இணைத்து, நீலநிறப் பலகையில் ஓர் எண்ணை எழுதி நட்டார்கள். ஈயச் சுரங்கங்கள் மூடப்பட்டு ஆளரவம் குறைந்த நென்ட்ஹெட், ரூக்கோப் போன்ற சிற்றூர்கள் இந்த வழியில் வருகின்றன. 1980-இல் உருக்காலை மூடப்பட்ட கான்செட் நகரமும் வருகிறது. இரும்புத்தாது சென்ற தடத்தில் இப்போது மிதிவண்டிகள் செல்கின்றன. உருக்காலையின் வேலைவாய்ப்புக்கு இது ஈடு என்று எந்தப் பொருளியலாளரும் சொல்ல மாட்டார். ஆனால் தங்கும் விடுதிக்கும் தேநீர்க் கடைக்கும் வருவதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

பலகை நட்டால் எல்லாம் முடிந்துவிடாது என்பதையும் இங்கிலாந்தே காட்டியது. அந்நாட்டின் தேசிய மிதிவண்டி வலையமைப்பிலிருந்து ஏறத்தாழக் கால் பங்கு வழிகளை, போக்குவரத்து மிகுந்து பாதுகாப்பற்றவையாகிவிட்டன என்ற காரணத்தால், அதைப் பராமரிக்கும் அமைப்பே 2020-இல் பட்டியலிலிருந்து நீக்கியது. தன் வரைபடத்தைத் தானே சுருக்கிக்கொள்ளும் நேர்மை அரிதானது.

போக்குவரத்து மிகுந்தால் என்ன ஆகும் என்பது எனக்கு எலும்பளவில் தெரியும். மூன்றாண்டுகளுக்கு முன்பு, பெரிய பாதையில் இறங்கிவந்த ஒரு சனிக்கிழமை, எதிரே மேலேறிய பேருந்தை வளைவிலேயே முந்திய ஒரு கார் என் பக்கத்துக்கு வந்துவிட்டது. பிரேக்கை அழுத்தினேன், முன்சக்கரம் வழுக்கியது. கார் நிற்கவில்லை. பேருந்து நடத்துநர்தான் ஓடிவந்து தூக்கினார். காறை எலும்பு முறிவு, ஆறு வாரம் கைத்தூளி. என் மனைவி மிதிவண்டிப் பூட்டின் சாவியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்தார். இனி குப்பனூர்ச் சாலையில் மட்டுமே செல்வேன் என்று வாக்குக் கொடுத்த பிறகே அது வெளியே வந்தது.

இப்போது அந்த வாக்குறுதியே பயனற்றுப் போய்க்கொண்டிருக்கிறது. பெரிய பாதையில் நெரிசல் ஏற்பட்டதும், கைப்பேசி வரைபடங்கள் கார்களைக் குப்பனூர்ப் பக்கம் திருப்பிவிடுகின்றன. இரண்டு சாலைகளிலும் பயண நேரம் சமமாகும்வரை திருப்பிக்கொண்டே இருக்கும். பிகூ தாளில் போட்ட கணக்கை ஒரு மென்பொருள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாலையில் போட்டுக் காட்டுகிறது. கார்க்காரருக்குப் பத்து நிமிடம் மிச்சம். சாலையோரம் தள்ளிச் செல்லும் மாணவியும், விறகு சுமந்து வரும் பெண்ணும், என்னைப் போன்றவர்களும் அந்தப் பத்து நிமிடத்துக்குக் கொடுக்கும் விலை எந்தத் திரையிலும் தெரிவதில்லை. வகுப்பறைக் கணக்கில் விடுபட்ட பயணி இவர்தான். இவர் காரைத் தாமதப்படுத்தும் தடையாகக்கூட அதில் இடம்பெறவில்லை.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் கட்டாயமானது, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் விளைவு. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வந்தது. மலை எவ்வளவு தாங்கும் என்ற கேள்வியை நீதிமன்றம் கேட்டது சரியே. ஆனால் அங்கே தடுக்கப்படும் கார் வீட்டில் நின்றுவிடப்போவதில்லை. அடுத்த மலைக்குத் திரும்பக்கூடும். அங்கே இடம் இல்லையென்றால், சாலையை அகலப்படுத்து என்ற கோரிக்கை எழும்.

அந்தக் கோரிக்கையை எதிர்த்துத் தேநீர்க் கடையில் ஒரு நாள் நான் சற்று உரக்கப் பேசிவிட்டேன். கடைக்கார அம்மா குவளையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: “நீங்க ஞாயித்துக்கெழம வந்து போறீங்க சார். என் மருமவளுக்கு ராத்திரி வலி எடுத்தப்ப நூத்தியெட்டு வண்டி வர எவ்ளோ நேரம் ஆச்சு தெரியுமா? ரோடு அகலமானாதான் எங்களுக்கு வழி.” என்னிடம் பதில் இல்லை. அவருடைய அவசரத்தின் முன் என் ஞாயிற்றுக்கிழமை அமைதிக்கு எந்த உரிமையும் கிடையாது. முனைவர் பட்டம் பெற்ற வாய் அன்று வடையை மட்டும் மென்றது.

வீடு திரும்பும் இறக்கத்தில்தான் யோசித்தேன். ஆம்புலன்சைத் தாமதப்படுத்துவது சாலையின் அகலமா, நிலையா? மழையில் அரிக்கப்பட்ட ஓரம், அடைபட்ட வடிகால், சரிந்த தடுப்புச்சுவர், குழிகள் — இவைதான் முதல் காரணம் என்பது என் கணிப்பு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டுப் பாதையில் மண் சரிந்ததை நாம் பார்த்தோம். மலையை மேலும் வெட்டி அகலப்படுத்தினால் சரிவு செங்குத்தாகும். செங்குத்தான சரிவு அடுத்த மழைக்குக் காத்திருக்கும். இருக்கும் அகலத்திலேயே தளத்தைச் செம்மையாக்கி, வடிகாலைச் சீரமைத்து, எதிரெதிர் வாகனங்கள் ஒதுங்க அரைக் கிலோமீட்டருக்கு ஓர் இடம் அமைத்தால், ஆம்புலன்சும் பேருந்தும் விரைந்து வரும். கார்க் கூட்டத்துக்கு அது குறுக்குவழியாகவும் ஆகாது. அந்த அம்மாவுக்கும் எனக்கும் பொதுவான சாலை அதுதான். அவர் ஏற்பாரா என்பது வேறு.

மிதிவண்டிக்காரருக்கென்று தனியாகச் செய்ய வேண்டியவை மிகக் குறைவு. பார்வை மறையும் வளைவுகளில் குவியாடி வைக்கலாம். ஞாயிறு காலை ஒன்பது மணிவரையாவது உள்ளூர் வண்டிகள், பேருந்துகள், அவசர ஊர்திகள் தவிர்த்த மற்றவற்றைப் பெரிய பாதையில் மட்டும் விடலாம். பிரான்சின் மலைச்சாலைகளில் ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும், உச்சிக்கு இன்னும் எவ்வளவு தொலைவு, அடுத்த கிலோமீட்டரின் சராசரிச் சாய்வு எவ்வளவு என்று எழுதியிருப்பார்கள். நம்மிடம் கல் ஏற்கெனவே இருக்கிறது. தேவை ஒரு டப்பா பெயின்ட். தகவல் என்பது மிக மலிவான பொதுப் பண்டம் என்று மாணவர்களுக்குச் சொன்னவன், அதை நானே ஏன் தொடங்கக் கூடாது என்று எண்ணினேன்.

சென்ற மாதம் கடைக்கார அம்மாவிடம் அனுமதி கேட்டு, சுவரில் சாக்குக்கட்டியால் எழுதினேன்: அடுத்த கிலோமீட்டர், சாய்வு 7. அது என்ன ஏழு என்று கேட்டார். விளக்கினேன். “இத எழுதி வேற படிக்கணுமா சார்? தண்ணிக் கொடத்தத் தூக்கிட்டு ஒருக்கா நடந்தா தெரிஞ்சிடும்” என்றார். அந்த வாரமே பெய்த மழையில் எழுத்து கரைந்துவிட்டது. அடுத்த ஞாயிறு போனபோது, அழிந்த இடத்தைக் காட்டி, “அந்த ஏழைத் திரும்ப எழுதிட்டுப் போங்க. ரெண்டு பசங்க சைக்கிள்ல வந்து பாத்துட்டு, மேல ஏறறதுக்கு முன்னால ரெண்டாவது டீ வாங்கினாங்க” என்றார். இம்முறை பெயின்ட் கொண்டுபோகிறேன்.